இந்தக் கோப்பை எதில் திறப்பது?

டெர்மினலில் ஒரு கோப்பின் பெயரை மட்டும் அடித்து என்டர் தட்டினால் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். பிடிஎஃப் என்றால் பிடிஎஃப் வியூவரில், பாட்டு என்றால் எம்பிவியில், உரை என்றால் விம்மில். நாள் முழுக்க ஷெல்லிலேயே குடியிருப்பவர்களுக்கு இந்த ஆசை வராமல் போகாது. அதற்கு வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் நான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. பழைய தமிழ்க் கோப்புகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, லினக்ஸ் தருகிற எல்லா ஏற்பாடும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நாமாகத்தான் வழி போட வேண்டும்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுலபமானது. நீங்கள் இசட்-ஷெல் ஆளாக இருந்தால் இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பில் ஒரு வரி போதும்: அலையஸ், மைனஸ் எஸ், பிடிஎஃப், சமக்குறி, எவின்ஸ். இனி 'அறிக்கை.பிடிஎஃப்' என்று பெயரை மட்டும் அடித்தால் எவின்ஸ் திறக்கும். இதற்கு சஃபிக்ஸ் அலையஸ் என்று பெயர். 2004-ல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஜேபெக், பிஎன்ஜி இரண்டையும் நெளி அடைப்புக்குள் போட்டு ஒரே வரியில் முடிக்கலாம். சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இதற்கு வேறு வேறு. கேமராவிலிருந்து பெரிய எழுத்து எக்ஸ்டென்ஷனோடு வரும் படங்களுக்கு அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பாஷில் இந்த வசதி கிடையாது. கட்டளை கிடைக்காதபோது பாஷ் கூப்பிடும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட் ஹேண்டில்' ஃபங்ஷனை வளைத்து இதே வேலையைச் செய்ய வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தட்டச்சுப் பிழையும் கோப்பு திறப்பதும் ஒரே வாசல் வழியாகப் போகக் கூடாது. பாஷில் இருப்பவர்கள் 'ஓ' என்ற ஒற்றை எழுத்தில் ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்வது நல்லது. இசட்-ஷெல்லிலும் நான் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

சஃபிக்ஸ் அலையஸ் பெயரை மட்டும்தான் பார்க்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே நம்பும். ஆனால் புள்ளிக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எக்ஸ்எல்எஸ் என்று இறங்குகிற ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் எச்டிஎம்எல் அட்டவணை இருக்கும். எத்தனை தளங்கள் இப்படித் தருகின்றன தெரியுமா? யூனிக்ஸ் மரபில் கெர்னல் எக்ஸ்டென்ஷனைக் கண்டுகொள்வதே இல்லை. இயக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். # குறியும் ஆச்சரியக்குறியும் இருந்தால் பக்கத்தில் எழுதியிருக்கும் நிரலைக் கூப்பிடும். விண்டோஸ் மரபு இதற்கு நேரெதிர். அங்கே அஸாக், எஃப்டைப் என்ற இரண்டு கட்டளைகள், எந்த எக்ஸ்டென்ஷன் எந்த நிரலுக்கு என்ற பட்டியலைக் காட்டும், மாற்றும். பெயர்தான் அங்கே தீர்ப்பு. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்தப் பழக்கத்தின் மேல் ஏறித்தான் பரவியது. பெயரில் டிஎக்ஸ்டி, அதற்குப் பின்னால் விபிஎஸ். தெரிந்த எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டும் வழக்கத்தால் கடைசிப் பாதி கண்ணில் படவில்லை. கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள், ஸ்கிரிப்ட் ஓடியது. அதனால் ஷெல் ஸ்கிரிப்ட், பைதான் இரண்டுக்கும் என் ஃபங்ஷனில் 'ஓட்டு' என்பதே கிடையாது. எடிட்டரில் திறக்கும், அவ்வளவுதான்.

பெயரை நம்பாமல் உள்ளே பார்த்துச் சொல்வதற்கு யூனிக்ஸில் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார்: ஃபைல் கட்டளை. 1973-ல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பிலேயே உண்டு. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்துவது 1980களில் இயன் டார்வின் புதிதாக எழுதியதன் வழிவந்தது. இதனிடம் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. இன்ன இடத்தில் இன்ன பைட்டுகள் இருந்தால் இன்ன வகை. அதற்கு மேஜிக் என்று பெயர். சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்று தொடங்கினால் பிடிஎஃப். பிகே என்று தொடங்கினால் ஜிப். வேர்டு ஆவணமும் லிப்ரெஆஃபிஸ் ஆவணமும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கும். இரட்டை மைனஸ் போட்டு மைம்-டைப் என்று கேட்டால் 'அப்ளிகேஷன் சாய்கோடு பிடிஎஃப்' என்று ஸ்கிரிப்டுக்கு வசதியாகப் பதில் தரும். மின்னஞ்சலில் இணைப்புகளுக்குப் பெயர் வைக்க 1992-ல் வந்த மைம் வகைகளைத்தான் இன்று டெஸ்க்டாப்பும் இணையமும் ஷெல்லும் பொதுப்பேச்சாக வைத்திருக்கின்றன.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எந்த மைம் வகை எந்த நிரலுக்கு என்ற முடிவு, உங்கள் கான்ஃபிக் ஃபோல்டரில் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கிறது. எக்ஸ்டிஜி-மைம், க்வெரி, ஃபைல்டைப் என்று கேட்டால் கோப்பின் வகையைச் சொல்லும். க்வெரி, டிஃபால்ட் என்று கேட்டால் அந்த வகைக்கு உரிய நிரலைச் சொல்லும். எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் என்று கொடுத்தால் மாற்றி எழுதும். எக்ஸ்டிஜி-ஓப்பன் இதையெல்லாம் பார்த்துத் திறக்கும். இதில் ஒரு நுணுக்கம் பலரைக் குழப்பும். ஜினோம் மாதிரி ஒரு டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருந்தால் எக்ஸ்டிஜி-ஓப்பன் அதனிடம் வேலையை ஒப்படைத்துவிடும். அது முதலில் பெயரைப் பார்க்கும், பெயர் உதவாதபோதுதான் உள்ளே பார்க்கும். டெஸ்க்டாப் இல்லாத வெறும் விண்டோ மேனேஜரில் பெரும்பாலும் ஃபைல் கட்டளையிடம் கேட்கும், அது உள்ளே பார்க்கும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் திறந்தால் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னதில் தமிழுக்கென்று ஒன்றும் இல்லை. இனிதான் இருக்கிறது.

கிண்டி மடுவின்கரையில் எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். இலக்கணம், ஊர்ப்பெயர், கோயில் கல்வெட்டு என்று ஏராளமாக எழுதியவர். ஒரு நாள் கூப்பிட்டார்.

"தம்பி, நான் எழுதுனது எல்லாம் இந்த டிரைவ்லதான் இருக்கு. திறந்தா பூச்சி பூச்சியா வருது."

"எந்த ஃபான்ட்ல ஐயா அடிச்சீங்க?"

"மொதல்ல பாமினி. அப்புறம் முரசு அஞ்சல். கிண்டி எஸ்டேட்டுல ஒரு டிடிபி கடையில குடுத்து அடிச்சது டேப்புனு சொன்னாங்க. எதுல எதுன்னு எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கு."

ஃபோல்டரில் எல்லாம் டிஎக்ஸ்டி. எல்லாவற்றையும் எக்ஸ்டிஜி-ஓப்பன் ஒரே எடிட்டரில் திறந்தது. எல்லாமே குப்பையாகத் தெரிந்தது.

ஒரு கோப்பை எடுத்து, அதில் 'தமிழ்' என்ற சொல் இருக்கும் இடத்தை ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தோம். நான்கு பைட்டுகள்: 190, 193, 162, 250. லத்தீன்-1 குறியாக்கத்தில் இவை முக்கால் பின்னக் குறி, மேலே கோடு போட்ட ஏ, சென்ட் குறி, மேலே கோடு போட்ட யு. ஐயா சொன்ன பூச்சி இதுதான். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் 190 என்பது த, 193 ம, 162 இகரக் கொக்கி, 250 என்பது புள்ளி வைத்த ழ். அதே சொல் யூனிகோடில், யூடிஎஃப்-8 வடிவில், 15 பைட்டுகள். இன்னொரு கோப்பில் அதே சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தது. அது பாமினி. ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் உருவங்களை ஏற்றிய எழுத்துரு. புள்ளிக்கு அரைப்புள்ளி விசை.

இப்போது ஃபைல் கட்டளையிடம் கேட்டால் என்ன சொல்கிறது பாருங்கள். பாமினிக் கோப்பை 'ஆஸ்கி உரை' என்கிறது. பைட்டுகளைப் பொறுத்தவரை அது சரிதான். டிஸ்கிக் கோப்பை 'ஐஎஸ்ஓ-8859 உரை' என்கிறது, அதாவது ஐரோப்பிய மொழி. ஆனால் எல்லா டிஸ்கிக் கோப்பையும் அப்படிச் சொல்வதில்லை. டிஸ்கியில் கிரந்த எழுத்துகள் 128-க்கும் 159-க்கும் இடையில் இருக்கின்றன. ஐஎஸ்ஓ-8859-ல் அந்த இடத்தில் எழுத்துகளே கிடையாது. ஜ 131. ஆகவே கட்டுரையில் ஒரு 'ராஜராஜன்' வந்துவிட்டால் பதில் மாறி, 'ஐஎஸ்ஓ அல்லாத நீட்டிக்கப்பட்ட ஆஸ்கி' என்று வருகிறது. ஸ 133. அந்த எண் சில மெயின்ஃப்ரேம் மரபுகளில் வரிமுடிவுக் குறி. அதனால் ஸகரம் வருகிற கட்டுரைக்கு 'என்இஎல் வரிமுடிவுகளுடன்' என்று ஒரு வாலையும் சேர்க்கிறது. ஐயா தனித்தமிழில் எழுதிய கட்டுரை ஒரு வகை, கல்வெட்டு பற்றி எழுதியது இன்னொரு வகை. இரண்டும் ஒரே மென்பொருளில், ஒரே மேசையில் அடித்தவை.

ஃபைல் கட்டளையைக் குறை சொல்லவில்லை. அதனிடம் இருக்கும் அட்டவணையில் இது இல்லை, அவ்வளவுதான். பிரவுசர்களுக்கும் டிஸ்கி தெரியாது. பழைய டிஸ்கி வலைப்பக்கங்கள் 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்று போட்டுக்கொண்டு, சரியான எழுத்துரு வாசகரிடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் வாழ்ந்தன. 1998 பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் நடத்திவரும் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்ததில் டிஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்ற இரண்டு குறியாக்கங்களையும் தரமாக அறிவித்தது. 2010-ல்தான் யூனிகோடும் டேஸ்-16-ம் அரசுத் தரமாயின. சர்தார் படேல் சாலையிலிருந்து காந்தி மண்டபம் சாலையில் திரும்பினால் வரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மாதிரியான இடங்கள் பழைய நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவமாக்குகின்றன. ஆனால் 1990களின் கடைசியிலும் 2000களிலும் வீட்டுக் கணினிகளில் அடித்த கோப்புகள் ஏற்கெனவே மின்வடிவம்தான், ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. எந்தக் குறியாக்கம் என்பது மட்டும் கோப்பில் எங்கும் எழுதியில்லை. அடித்தவரின் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த ஞாபகத்தைத்தான் ஷெல்லின் கான்ஃபிகரேஷனில் எழுதிவைக்க வேண்டும் என்கிறேன்.

எப்படி என்றால், ஃபைல் கட்டளைக்கு நாமே ஓர் அட்டவணை எழுதிக் கொடுக்கலாம். ஒரு மேஜிக் கோப்பை உருவாக்கி, மைனஸ் எம் போட்டு அதைச் சுட்டினால் போதும். என் கோப்பில் முதல் விதி: முதல் 4096 பைட்டுகளுக்குள் 190, 193, 162 இந்த மூன்றும் வரிசையாக வந்தால் டிஸ்கி. அதாவது 'தமி'. ழகரத்தை விட்டுவிட்டேன், ஏனென்றால் 'தமிழில்', 'தமிழர்' என்று வரும்போது புள்ளி போய் ழகரத்தின் பைட் மாறிவிடும். முக்கால் குறி, கோடு போட்ட ஏ, சென்ட் குறி மூன்றும் ஒட்டி வருகிற ஐரோப்பிய உரை ஒன்று இருக்கப்போவதில்லை. இரண்டாவது விதி: ஜே, கே, பி, ஓ நான்கும் ஒட்டி வந்தால் பாமினி. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. விதியின் அடியில் ஆச்சரியக்குறி, முக்காற்புள்ளி, மைம் என்று போட்டு 'டெக்ஸ்ட் சாய்கோடு எக்ஸ்-டிஸ்கி', 'டெக்ஸ்ட் சாய்கோடு எக்ஸ்-பாமினி' என்று நாமே வகைப்பெயர் வைத்துக்கொள்ளலாம். டேப் கோப்புக்கும் இதே வழி: உங்களுக்குத் தெரிந்த ஒரு கோப்பில் 'தமி' எந்த பைட்டுகளாக இருக்கிறது என்று ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியரின் கட்டுரை என்பதால் 'தமிழ்' என்ற சொல் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. சமையல் குறிப்போ கணக்கோ வைத்திருப்பவர்கள் வேறு சொல் தேட வேண்டும். 'என்று', 'இந்த' மாதிரி தவிர்க்க முடியாத சொற்கள் நன்றாக வேலை செய்யும்.

வகை தெரிந்தபின் திறப்பது எளிது. லினக்ஸின் ஜிலிப்சியில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும்! இதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கிறது. மைனஸ் எஃப் டிஸ்கி, மைனஸ் டி யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் மாற்றித் தந்துவிடும். சும்மா எண்ணுக்கு எண் மாற்றுவதோடு இது நிற்பதில்லை. டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று இருக்கும். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. அந்த வரிசை மாற்றத்தையும் ஐகான்வ் செய்கிறது. ஃபெடோரா மாதிரி சிலவற்றில் இந்தக் கூடுதல் குறியாக்கங்களைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்திருக்கிறார்கள், ஜிலிப்சி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா என்று தேடி நிறுவிக்கொள்ளுங்கள். பாமினி, டேப் இரண்டும் ஐகான்வுக்குத் தெரியாது. அவற்றுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு.

'ஓ' ஃபங்ஷன் இப்போது இப்படி இருக்கிறது. முதலில் என் மேஜிக் கோப்பைக் கேட்கும். டிஸ்கி என்றால் ஐகான்வ் வழியாக லெஸ்ஸுக்கு. பாமினி, டேப் என்றால் ஓப்பன்-தமிழ் ஸ்கிரிப்ட் வழியாக லெஸ்ஸுக்கு. இரண்டும் இல்லையென்றால் வழக்கமான மைம் வகை: உரை என்றால் விம், மற்றதெல்லாம் எக்ஸ்டிஜி-ஓப்பன், பின்னணியில். பத்துப் பன்னிரண்டு வரி கேஸ் ஸ்டேட்மென்ட்தான். பாஷிலும் இசட்-ஷெல்லிலும் மாற்றமில்லாமல் ஓடும்.

பழைய கோப்பை எடிட்டரில் திறக்காமல் லெஸ்ஸில் திறப்பது வேண்டுமென்றே செய்தது. மூலக் கோப்பின் மேல் எதுவும் எழுதிவிடக் கூடாது. மாற்றிய பிரதி பக்கத்தில் தனி ஃபோல்டரில் யூனிகோடாக இருக்கட்டும். மூலம் அப்படியே இருக்க வேண்டும். மாற்றும் நிரலில் ஒரு பிழை இருந்து அது பின்னால் தெரியவந்தால், திரும்பிப் போக மூலம் வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. லெஸ்ஓப்பன் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக லெஸ் எந்தக் கோப்பையும் காட்டுவதற்கு முன் லெஸ்பைப் என்ற ஸ்கிரிப்டிடம் கொடுக்கும். உங்கள் ஹோமில் புள்ளியோடு லெஸ்ஃபில்டர் என்ற கோப்பை எழுதி, இயக்க அனுமதி கொடுத்து வைத்தால் லெஸ்பைப் முதலில் அதைக் கேட்கும். மேலே சொன்ன விதிகளை அங்கே போட்டுவிட்டால், வெறும் லெஸ் என்று அடித்தாலே டிஸ்கிக் கோப்பு தமிழாகத் தெரியும்.

மவுஸில் கிளிக் செய்து திறப்பவர்களுக்கும் இதே ஏற்பாட்டைக் கொண்டுபோகலாம். ஐயா டெர்மினல் பக்கம் வரமாட்டார், அவருக்கு இதுதான் தேவைப்பட்டது. டெஸ்க்டாப் பெயரைத்தான் முதலில் பார்க்கும் என்றேன் அல்லவா? அதையே பயன்படுத்திக்கொண்டோம். வகை பார்த்து, டிஸ்கிக் கோப்புகளின் நகல்களுக்கு டிஎஸ்சி என்றும் பாமினிக்கு பிஏஎம் என்றும் எக்ஸ்டென்ஷன் வைத்தோம். ஹோமில் லோக்கல், ஷேர், மைம், பேக்கேஜஸ் என்று போகிற ஃபோல்டரில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் எழுதி, இந்த எக்ஸ்டென்ஷன் இந்த வகை, இந்த வகை சாதா உரையின் உட்பிரிவு என்று சொல்லி, அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் ஓட்டினோம். பிறகு மாற்றிக் காட்டும் ஸ்கிரிப்டுக்கு ஒரு டெஸ்க்டாப் கோப்பு, எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட் ஒரு முறை. அதன்பின் அவர் ஐகானை இரண்டு தட்டு தட்டினால் தமிழ் வந்தது.

"இது எந்த வருஷம் எழுதுனது தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்காட்ட ஆரம்பித்துவிட்டார். எது எதில் அடித்தது என்று அவர் சொன்னதையும் அந்த மேஜிக் கோப்பிலேயே விதிகளுக்கு மேல் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். # போட்டு எழுதினால் ஃபைல் கட்டளை அதைத் தாண்டிப் போய்விடும்.

விதிகளில் சிக்காதவை பேஜ்மேக்கர் கோப்புகள். 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து லிப்ரெஆஃபிஸ் அவற்றைத் திறக்கிறது. பக்க அமைப்பு வருகிறது, ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து எந்த எழுத்துருவில் அடித்ததோ அந்தக் குறியாக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பக்கத்தில் தலைப்பு ஓர் எழுத்துரு, உள்ளடக்கம் வேறு என்றால் இரண்டு குறியாக்கம். அங்கே கோப்பின் வகை போதாது, பத்திக்குப் பத்தி எழுத்துருவின் பெயரைப் பார்த்து மாற்ற வேண்டும். லிப்ரெஆஃபிஸில் திறந்து ஓடிடியாகச் சேமித்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லில் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் பழைய டிடிபி எழுத்துருக்களின் பெயரும், எந்தப் பெயர் எந்தக் குறியாக்கம் என்ற விவரமும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுகிறேன்.